தொலைந்த புத்தகமும் இடம் மாறிய புத்தகமும்



நான் சிங்கப்பூருக்குப் போனது ஊர் பார்ப்பதற்காக அல்ல. 2018 ஆம் ஆண்டு என் பெரியம்மாவின் மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. பெரியம்மாவுக்கு முழங்கால் வருத்தம். பிரயாணம் செய்ய முடியாது. அக்காவுக்குப் பத்தியம் சமைக்கவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் ஒருவர் தேவைப்பட்டதால், வேலைத்தலத்தில் மூன்று வார விடுமுறை எடுத்துக்கொண்டு நான் புறப்பட்டேன். என் பெட்டியில் பாதி இடத்தைச் சரக்குத்தூளும் கருவாடுமே பிடித்திருந்தன.

அக்காவின் வீடு நகரத்தின் மேற்கே, புக்கிட் பாத்தோக் என்ற இடத்தில், ஓர் அடுக்குமாடியில் இருந்தது. நான் போன மூன்றாம் நாள் மாலை, அவருடைய மூத்த மகன் ஒரு பை நிறையப் புத்தகங்களைத் திணித்துக்கொண்டு வந்தான். ஏழு வயதுப் பிள்ளை.

“சித்தி, லைப்ரரிக்குப் போவமா? இண்டைக்குத்தான் கடைசி நாள். திருப்பிக் குடுக்க வேணும்.”

அக்கா வெளியே போகக்கூடாத நாட்கள். அத்தானுடனும் பிள்ளையுடனும் நானும் நடந்தேன்.

எங்கள் ஊர்களில் வாசிகசாலை என்றால் ஒரு வேப்பமரமும், அதன் கீழே தனியே நிற்கும் ஒரு கட்டடமும் நினைவுக்கு வரும். இங்கே நூலகம் ரெயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருந்தது. வேலை முடிந்து வருபவர்களும், சாமான் வாங்க வருபவர்களும் அப்படியே மேலே ஏறிப் புத்தகம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

வாசலில் ஒரு பெட்டிக்கு வாய் மட்டும் திறந்திருந்தது. பிள்ளை ஒவ்வொரு புத்தகமாக அதற்குள் தள்ளினான். ஐந்தும் உள்ளே போய்விட்டன. மேசையும் இல்லை, எழுதுவதற்கு ஆளும் இல்லை.

“ஆர் எழுதினது? நீ குடுத்திட்டாய் எண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டேன்.

“மெஷினுக்குத் தெரியும் சித்தி” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினான்.

உள்ளே நான்கு புதிய புத்தகங்களைத் தெரிந்தெடுத்து, ஒரு மேடையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். அத்தான் தன் அட்டையைக் காட்டினார். திரையில் நான்கு பெயர்களும் வந்தன. திருப்பித் தர வேண்டிய திகதியுடன் ஒரு சிறு துண்டு வெளியே வந்தது. மூன்று வாரத் தவணை. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வெளியே வரும்போதுதான் அது நடந்தது. வாசலில் இடுப்பளவுக்கு மேல் உயர்ந்த இரண்டு தகடுகள் நின்றன. எங்களுக்கு முன்னால் போன ஒரு பெண் அவற்றைத் தாண்டியதும் “பீப்” என்று சத்தம் கேட்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன். யாரும் கேட்காமலே என் கை கைப்பையைத் திறந்து அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று வளர்ந்த எங்களுக்கு இந்தப் பழக்கம் இலேசில் போகாது என்பது உங்களுக்கும் தெரியும்.

அத்தான் விளங்கிக்கொண்டார். “பயப்பிடாதையும். அது மனிசரைப் பாக்கிறேல்லை, புத்தகத்தைத்தான் பாக்கும்” என்றார். அந்தப் பெண் ஒரு புத்தகத்தை மேடையில் வைக்க மறந்திருந்தார். சிரித்தபடி திரும்பி வந்து, பதிந்துகொண்டு போனார். அவரை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

அன்றிரவு குழந்தையை நித்திரையாக்கிய பிறகு அத்தான் இந்த முறையை எனக்கு விளக்கினார். அவர் இலத்திரனியல் துறையில் வேலை செய்பவர். ஒரு புத்தகத்தின் பின்னட்டையின் உட்புறத்தைக் காட்டினார். அங்கே தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு மெல்லிய ஸ்ரிக்கர் ஒட்டப்பட்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கோலம் போட்டது போலச் சுற்றிச் சுற்றி ஓர் உலோகக் கம்பி தெரியும். அதன் முனையில் கடுகளவில் ஒரு சில்லு. இதைத்தான் ஆர்.எப்.ஐ.டி. என்கிறார்கள். வானொலி அலைகளால் அடையாளம் காணும் முறை என்று தமிழில் சொல்லலாம்.

அந்த ஸ்ரிக்கருக்குள் பற்றரி இல்லை. வாசிக்கும் கருவி வானொலி அலையை அனுப்பும்போது, அந்தக் கம்பிச்சுற்று அதிலிருந்தே தனக்கு வேண்டிய சிறு மின்சாரத்தைப் பெற்றுக்கொள்கிறது. உடனே சில்லு விழித்துக்கொண்டு தன் இலக்கத்தைச் சொல்லுகிறது. கருவி விலகியதும் மீண்டும் தூங்கிவிடும். நூலகங்களில் பெரும்பாலும் 13.56 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள். பொதுவாக ஒரு மீற்றருக்கு உட்பட்ட தூரத்தில்தான் அது வேலை செய்யும்.

கடைகளில் சாமான்களின் மேல் இருக்கும் கறுப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்கு நேரே காட்ட வேண்டும். இந்த ஸ்ரிக்கரை அப்படிக் காட்டத் தேவையில்லை. அட்டைக்குள் மறைந்திருந்தாலும், பல புத்தகங்கள் அடுக்காக இருந்தாலும் வாசிக்கும். புத்தகத்தைப் பதிந்து எடுத்ததும் “இது வெளியே போகலாம்” என்று ஒரு குறி மாற்றப்படுகிறது. குறி மாறாத புத்தகம் வாசலைத் தாண்டினால்தான் சத்தம் வரும்.

சிங்கப்பூரில் இந்த முறைக்குக் காரணம் நீண்ட வரிசைகள்தான். 1995 இல் அங்கே தேசிய நூலகச் சபை அமைக்கப்பட்டது. புதிய நூலகங்கள் திறக்கப்பட, இரவல் பெறுவோரும் பெருகினார்கள். புத்தகத்தைப் பதியவும் திருப்பிக் கொடுக்கவும் மக்கள் நெடுநேரம் காத்து நின்றார்கள். 1998 இல் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உலகத்தில் இந்த முறையை முதலில் கொண்டுவந்த பொது நூலகங்களில் அதுவும் ஒன்று. 2002 ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் பொது நூலகங்கள் எல்லாவற்றுக்கும் இது வந்துவிட்டது. எந்த நூலகத்தில் எடுத்த புத்தகத்தையும் வேறெந்தப் பொது நூலகத்திலும் போட்டுவிட்டுப் போகலாம். நள்ளிரவிலும் போடலாம்.

அடுத்த கிழமை நான் தனியே அந்த நூலகத்துக்குப் போனேன். தமிழ்ப் புத்தகங்கள் இருந்த பக்கத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண் ஊழியர் நின்றார். தமிழர். கையில் துடுப்புப் போன்ற ஒரு கருவியைப் பிடித்து, அலுமாரித் தட்டின் ஓரமாக மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். ஒரு புத்தகத்தையும் வெளியே எடுக்கவில்லை. ஓரிடத்தில் கருவி ஒலித்தது. நின்று, சமையல் புத்தகங்களுக்கு நடுவே இருந்த ஒரு நாவலை உருவி எடுத்தார்.

“ரெண்டு மாசமா இதைத் தேடுறோம்மா” என்றார். “யாரோ படிச்சிட்டு இங்க வச்சிட்டாங்க. இடம் மாறிட்டா, தொலைஞ்ச மாதிரிதான். இங்கயே இருக்கும், ஆனா யாருக்கும் கிடைக்காது.”

“எடுத்துக்கொண்டு போனவையைக் கேட்கமாட்டீங்களா?” என்று நான் கேட்டேன்.

“முதல்ல நாங்க தேடணும். தேடின பிறகுதானே கேட்கிறது?”

சாதாரணமாகத்தான் அதைச் சொன்னார். எனக்கு முகம் சூடேறிவிட்டது. அதற்கான காரணத்தை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் வேலை செய்த ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில், பெண்கள் நிலையத்தின் ஓர் அறையில் சிறு வாசிகசாலை ஒன்றை நடத்தினோம். ஏறத்தாழ 600 புத்தகங்கள். ஒரு சீ.ஆர். கொப்பியில் பெயர், புத்தகம், திகதி என்று எழுதிக் கொடுப்போம். 2016 இல் ஓர் அக்கா, தையல் வெட்டுமுறைகள் பற்றிய ஒரு பெரிய புத்தகத்தை எடுத்தார். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். ஒரு பழைய தையல் மெஷினை நம்பித்தான் குடும்பம். கொப்பியில் புத்தகம் திரும்பி வந்ததற்குப் பதிவு இல்லை. நான் கேட்டபோது, “கொண்டு வந்து மேசையில வச்சனான் தங்கச்சி” என்றார். நான் நம்பவில்லை. அவருடைய பெயருக்கு நேரே சிவப்பு மையால் “திருப்பித் தரவில்லை” என்று எழுதினேன். எல்லோரும் கையெழுத்து வைக்கும் கொப்பி அது. எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த அக்கா அதன் பிறகு வாசிகசாலைக்கு வரவில்லை. நிலையத்தின் தையல் வகுப்புக்கும் வரவில்லை.

ஏழெட்டு மாதங்களின் பின் சுவருக்கு வெள்ளை அடிக்க அலுமாரியை நகர்த்தியபோது, சிறுவர் புத்தகங்களுக்குள் அந்தப் புத்தகம் கிடந்தது. அளவில் பெரியது என்பதால், படப் புத்தகங்களோடு யாரோ சேர்த்து வைத்திருந்தார்கள். நான் சிவப்பு வரியை வெட்டினேன். அத்தோடு விட்டுவிட்டேன். அவரிடம் போய்ச் சொல்லவில்லை. வெட்கம் ஒரு காரணம், வேலை ஒரு காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எந்தப் பதிவில் என்ன எழுதப்படுகிறது என்பது எங்கள் வாழ்க்கையை எப்படி மாற்றும் என்று போர் கண்ட பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்ட குடும்பங்களை நான் அறிவேன். ஒரு பத்திரம் இல்லாததால் மாதக்கணக்காக அலைந்தவர்களை அழைத்துக்கொண்டு கந்தோர்களுக்குப் போயிருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் தேடிப் பார்க்காமல் எழுதினேன்.

ஊர் திரும்புவதற்கு நான்கு நாட்கள் இருக்கையில், விக்டோரியா வீதியில் உள்ள தேசிய நூலகத்தை அத்தான் எனக்குக் காட்டினார். தமிழ்க் கடைகள் நிறைந்த சிராங்கூன் வீதியிலிருந்து நடந்தே போகலாம். 16 மாடிகள், 2005 இல் திறக்கப்பட்டது. அங்கேயும் ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றுடன் தமிழ்ப் புத்தகங்களும் இருந்தன.

தமிழுக்கு அங்கே இடம் கிடைத்ததன் பின்னால் ஒரு கதை உண்டு. 1953 இல் லீ கொங் சியான் என்ற வணிகர், பொது நூலகம் கட்டுவதற்கு 375,000 டொலர் கொடுக்க முன்வந்தார். நூலகம் இலவசமாக இருக்க வேண்டும், ஆசிய மொழி நூல்களுக்கும் அங்கே இடம் தர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அந்தச் செங்கற் கட்டடம் 1960 இல் ஸ்ரம்போர்ட் வீதியில் திறக்கப்பட்டது. 2004 இல், ஒரு சுரங்கப்பாதைக்காக அது மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. மக்கள் பலர் எதிர்த்தும் பயனில்லை. ஆயினும் இடிப்பதற்கு முன் புத்தகங்கள் வெளியேறிவிட்டன.

அதைக் கேட்டபோது யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1981 ஜூன் முதலாம் திகதியை ஒட்டிய அந்த நாட்களில், ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அங்கே எரிந்தன. அப்போது நான் பிறக்கவில்லை. பின்னர் புனரமைக்கப்பட்ட கட்டடத்தில்தான் பல்கலைக்கழகக் காலத்தில் இருந்து படித்தேன். அங்கே கட்டடம் மீண்டு வந்தது. எரிந்த சுவடிகள் வரவில்லை. வேறெங்கும் பிரதி இல்லாதவை அவற்றுள் இருந்தன. எத்தனை இலக்கம் ஒட்டியிருந்தாலும் அந்த நெருப்பை அது தடுத்திராது. பிரதி மட்டுமே உதவியிருக்கும். 2005 இல் தொடங்கப்பட்ட “நூலகம்” என்ற எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் கணனியில் பிரதியெடுத்து வருவதும் இதனால்தான்.

யாழ்ப்பாண நூலகம் அமைக்கப்பட்டபோது ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். நூலகத்துறைக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931 இல் நூலாக வெளியிட்டவர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அவற்றுள் நான்காவது. அந்த ஸ்ரிக்கர் செய்யும் வேலையும் அதுதான்.

எனினும் இந்த முறைக்குக் குறைகள் உண்டு. உலோகத் தகடு பதித்த அட்டைகள் அலையைத் தடுக்கும். ஸ்ரிக்கரை உரித்து எடுத்துவிடலாம். கணனியில் உள்ள பட்டியல் அழிந்தால் ஸ்ரிக்கர் சொல்லும் இலக்கத்துக்குப் பொருளே இராது. செலவும் அதிகம். எல்லாவற்றையும்விடப் பெரியது, யார் எதை வாசிக்கிறார் என்ற இரகசியம். அமெரிக்காவில் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மொல்னர், டேவிட் வாக்னர் என்ற ஆய்வாளர்கள் 2004 இல் இதை எச்சரித்தார்கள். மாறாத இலக்கமுள்ள ஒரு ஸ்ரிக்கரை வேறொருவரும் தன் கருவியால் வாசித்து, அந்தப் புத்தகம் போகும் இடத்தைக் கவனிக்கலாம் என்றார்கள். 2005 இல் அமெரிக்க நூலகச் சங்கமும் வாசகரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று தீர்மானம் எடுத்தது. ஸ்ரிக்கருக்குள் வாசகரின் பெயர் இருக்கவே கூடாது, புத்தகத்தின் இலக்கம் போன்ற மிகக் குறைந்த தகவலே இருக்க வேண்டும் என்பதே நல்ல வழக்கம்.

இதை அத்தான் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா குறுக்கிட்டார். “மெஷின் வந்தது எனக்கு நிம்மதி. குழந்தை தங்காமல் இருந்த காலத்தில அதைப்பற்றின புத்தகமெல்லாம் எடுத்தனான். மேசையில ஒரு ஆள் இருந்து பேர் வாசிச்சா எடுத்திருப்பனே?”

நான் எங்கள் சீ.ஆர். கொப்பியை நினைத்தேன். விவாகரத்துச் சட்டம் பற்றிய ஒரு சிறு நூல் எங்களிடம் இருந்தது. யாரும் அதை எடுத்ததில்லை. அறைக்குள் வைத்தே சிலர் படித்துவிட்டுப் போவார்கள். எடுத்தால் கொப்பியில் பெயர் விழும், அடுத்து வருபவர் வாசிப்பார். ஸ்ரிக்கரும் இல்லை, கணனியும் இல்லை என்றாலும், யார் என்ன வாசிக்கிறார் என்பதை ஊருக்கே காட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

ஊருக்கு வந்ததும் நிலையத்துப் பெண்களோடு இருந்து கதைத்தேன். எங்களால் ஆர்.எப்.ஐ.டி. வாங்க முடியாது. ஆனால் அது செய்யும் வேலையில் பாதியைக் காகிதத்தாலும் செய்யலாம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, முதுகில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக ஒட்டினோம். உள்ளே ஒரு காகித உறை, அதற்குள் அந்தப் புத்தகத்தின் அட்டை. ஒவ்வொரு வாசகருக்கும் ஓர் இலக்கம். புத்தகத்தை எடுக்கும்போது அட்டையில் வாசகர் இலக்கத்தையும் திகதியையும் எழுதிப் பெட்டியில் போடுவோம். திரும்பி வந்ததும் இலக்கத்தை அழித்து, அவர் முன்னிலையிலேயே அட்டையை உறைக்குள் வைப்போம். வாசகர் பெயர்கள் உள்ள கொப்பி பூட்டிய லாச்சிக்குள் இருக்கும்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை அலுமாரி பார்ப்பது என்று வைத்தோம். ஒருவர் இலக்கத்தை வாசிக்க, ஒருவர் பட்டியலில் குறிப்பார். இடம் மாறியவை அன்றே இடத்துக்கு வரும். பட்டியலின் நிழற்பிரதி ஒன்று பக்கத்துக் கிராமத்துச் சனசமூக நிலையத்தில் இருக்கிறது, அவர்களுடையது எங்களிடம் இருக்கிறது. கடைசியாக ஒரு விதி: அலுமாரி முழுவதையும் இரண்டு பேர் தனித்தனியே தேடி முடிக்கும் வரை, ஒருவரிடமும் புத்தகம் எங்கே என்று கேட்பதில்லை. முதல் அலுமாரி பார்ப்பிலேயே, தொலைந்ததாக எழுதப்பட்டிருந்த 23 புத்தகங்களில் 14 அறைக்குள்ளேயே கிடைத்தன. அவற்றுக்கு நேரே 14 பெயர்கள் இருந்தன.

அந்தப் பதினான்கு வீடுகளுக்கும் போனோம். தையல் அக்காவின் வீட்டுக்கு நான் தனியே போனேன். புத்தகம் கிடைத்த கதையையும், கிடைத்த பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் நான் சொல்லாமல் இருந்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை. ஒரு தையலை முடித்து நூலை அறுத்த பிறகுதான் நிமிர்ந்தார்.

“வச்சனான் எண்டு எனக்குத் தெரியும்தானே மிஸ்” என்றார். முன்னர் தங்கச்சி என்று கூப்பிட்டவர். “நீங்கள் எழுதினதைப் பாத்திட்டு ரெண்டு பேர் தைக்கக் குடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போட்டினம். அதுதான் கஷ்டம்.”

எனக்கு மறுமொழி இல்லை. தேத்தண்ணி தந்தார். புறப்படும்போது, “இப்பவும் சிவப்பு மையாலயோ எழுதிறனீங்கள்?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

இரண்டு மாதங்களின் பின் ஒரு சனிக்கிழமை, அலுமாரி பார்க்கும் நேரத்தில் வந்தார். தானே பட்டியலை வாங்கிக்கொண்டு, “நீங்கள் வாசியுங்கோ, நான் பாத்துக் குறிக்கிறன்” என்றார். அன்று 600 இலக்கங்களையும் அவரே சரிபார்த்தார். போகும்போது அந்தத் தையல் புத்தகத்தை எடுத்துச் சென்றார்.

சகோதரிகளே, உங்கள் ஊர் வாசிகசாலையிலும், சங்கத்திலும், சிறுசேமிப்புக் குழுவிலும் இப்படி ஒரு கொப்பி இருக்கும். அதில் சிவப்பு வரிகளும் இருக்கலாம். இந்த மாதம் ஒரு சனிக்கிழமை நான்கு பேர் சேர்ந்து, அந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் கொப்பியில் வெட்டுவதோடு நில்லாமல், அந்த வீட்டுக்கும் போய்ச் சொல்லுங்கள்.